துருவும் களிம்பும் சொல்லும் வரலாறு: தொடாமலே படிப்பது எப்படி?

மாணவர்களே, மாசாயிலிருந்து தெற்கே போனால் ஜொகூர் நீரிணை. கிழக்கே போனால் ஜொகூர் ஆறு. இந்த இரண்டு நீர்வழிகளும் நமக்கு மீன்பிடிக்கும் இடங்களாகவும், பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்க்கும் காட்சியாகவும் மட்டுமே தெரிகின்றன. ஆனால் இரண்டுமே போர்க்களங்களாக இருந்தவை. 1587ஆம் ஆண்டில் போர்த்துகீசியக் கப்பற்படை ஜொகூர் ஆற்றில் நுழைந்து சுல்தானின் தலைநகரைத் தாக்கியது. 355 ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் படை நீரிணையைக் கடந்து சிங்கப்பூரைப் பிடித்தது.

ஆகவே நம் பகுதியில் கால்வாய் வெட்டும்போதோ, செம்பனை மறுநடவுக்கு நிலத்தைப் புரட்டும்போதோ, நீர் வற்றிய நேரத்தில் ஆற்றுச் சேற்றிலோ ஒரு பழைய உலோகத் துண்டு தலைகாட்டினால் அதில் வியப்பில்லை. துருவேறிய உருண்டையாக இருக்கலாம். பச்சை படிந்த சிறு குழலாக இருக்கலாம். அது என்ன, எந்தக் காலத்தது, யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நீங்கள் ஏற்கெனவே படித்த அறிவியல் பாடங்களே இதற்குப் பெருமளவு போதும்.

தொடங்கும் முன் ஒரு விதி. இக்கட்டுரையில் வரும் சோதனைகள் எதையும் மண்ணில் கண்ட பொருளில் நீங்கள் செய்யக்கூடாது. அவை வல்லுநர்கள் பாதுகாப்பை உறுதிசெய்த பிறகு செய்பவை. கண்ணால் பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை. ஏன் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் வேதியியலே சொல்லும்.

இரண்டு போர்கள், இரண்டு வகை உலோகங்கள்

கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது கோத்தா ஜொகூர் லாமா. 16ஆம் நூற்றாண்டில் இது ஜொகூர் சுல்தானகத்தின் தலைநகரம். மண்ணைக் குவித்துக் கட்டிய அரண்கள் அதைக் காத்தன. 1587 ஆகஸ்டில், டோம் பாவ்லோ டி லிமா பெரெய்ரா தலைமையில் மலாக்காவிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் கோட்டையை அழித்து, அங்கிருந்த பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

1930களில் ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்டு கார்ட்னர் இப்பகுதியை ஆராய்ந்தார். ஜொகூர் ஆற்றுப் பகுதியில் கிடைத்த பழைய தங்க நாணயங்களைப் பற்றி 1933இல் ஒரு கட்டுரையும் எழுதினார். 1960இல் வில்ஹெல்ம் சோல்ஹைம், எர்னெஸ்டீன் கிரீன் என்ற இரு தொல்லியலாளர்கள் கோட்டைப் பகுதியில் முறைப்படி அகழாய்வு செய்தார்கள்.

இரண்டாம் போருக்கு வருவோம். 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்த தரைப்பாலத்தைத் தகர்த்தனர். அதன்பின் நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே பீரங்கிச் சண்டை நடந்தது. பிப்ரவரி 7ஆம் தேதி இரவு, பாசிர் கூடாங்கிற்கு எதிரே இருக்கும் உபின் தீவில் ஜப்பானியர்கள் இறங்கினார்கள். அது எதிரியின் கவனத்தைத் திருப்பும் தந்திரம். மறுநாள் இரவு சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் முக்கியப் படை இறங்கியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

இந்த இரண்டு காலங்களுக்கும் உரிய உலோகங்கள் வேறு வேறு. 1587இல் வெண்கலம், இரும்பு, காரீயம், வெள்ளீயம், தங்கம் ஆகியவை புழக்கத்தில் இருந்தன. அலுமினியம் கிடையாது. அலுமினியத்தை மின்பகுப்பால் மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே புதைந்திருந்த ஒரு துண்டு அலுமினியம் என்று உறுதியானால், அது சுல்தானின் கோட்டையைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. விமானத்தின் பாகமாகவோ சிப்பாயின் உணவுப் பாத்திரமாகவோ இருக்கலாம். எந்த உலோகம் என்று தெரிந்தாலே காலத்தைப் பற்றிய முதல் தடயம் கிடைத்துவிடுகிறது.

முதல் சான்று: நிறம்

வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கில் பச்சையாகப் படிந்திருப்பது களிம்பு. செம்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, ஈரம் ஆகியவற்றோடு சேர்ந்து உண்டாகும் கார்பனேட்டு அது. புளியிலுள்ள அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம், செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ஆகிய இரண்டிலும் களிம்பு பிடிக்கும். ஆகவே மண்ணிலிருந்து வரும் ஒரு பொருள் பச்சையாக இருந்தால் அதில் செம்பு இருக்கிறது என்று முதலில் எண்ணலாம்.

இரும்பு செம்பழுப்புத் துருவாக மாறும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அத்தோடு சுற்றியுள்ள மணலையும் கல்லையும் பிடித்துக்கொண்டு கட்டியாகும். அதனால் பழைய இரும்புப் பொருள் பலமுறை உருவமே தெரியாத உருண்டையாகத்தான் வெளிவரும். உள்ளே இருப்பது ஆணியா, வாளா என்று அறிய வல்லுநர்கள் அதை உடைப்பதில்லை. மருத்துவமனையில் எலும்பைப் பார்ப்பதுபோல் எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கிறார்கள்.

காரீயத்தின் மேல் சாம்பல் கலந்த வெண்மையான படலம் உண்டாகும். தங்கம் மட்டும் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் மஞ்சளாகவே இருக்கும். வினைத்திறன் வரிசையில் அது கடைசியில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் ஈயச்சுரங்கம் என்று சொல்லும்போது அந்த ஈயம் வெள்ளீயம். நாணயங்களும் பாத்திரங்களும் செய்ய அது பயன்பட்டது. பழைய துப்பாக்கிக் குண்டும் தூண்டில் குண்டும் காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். காரீயம் நச்சுத்தன்மை உடையது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வீட்டு விளக்கைப் புளி போட்டு விளக்குவதுபோல் பழம்பொருளை விளக்கக்கூடாது. நாணயத்தின் எழுத்தும் முத்திரையும் சில வேளைகளில் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். களிம்பைத் தேய்த்தால் எழுத்தும் போய்விடும்.

இரண்டாம் சான்று: காந்தமும் அடர்த்தியும்

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வேறு உலோகம் என்பது தொடக்கப்பள்ளிப் பாடம். ஆய்வகத்தில் இது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. முழுவதும் துருவாகிப்போன இரும்பைக் காந்தம் சரியாக இழுக்காமல் போகலாம். அதேபோல், எஃகின் மேல் மெல்லிய செம்புப் பூச்சுள்ள பொருள் பார்வைக்குச் செம்பாக இருந்தாலும் காந்தத்தில் ஒட்டும். ஒரே சோதனையை நம்பி முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடர்த்தி இன்னும் நம்பகமானது. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. ஒழுங்கற்ற பொருளின் கன அளவை, அது வெளியேற்றும் நீரை அளந்து அறியலாம். ஒரு கன சென்டிமீட்டருக்குத் தங்கம் 19.3 கிராம், காரீயம் 11.3 கிராம், செம்பு 8.9 கிராம், இரும்பு 7.9 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம், அலுமினியம் 2.7 கிராம்.

ஓர் அருங்காட்சியகத்தில் கோலி அளவுள்ள ஓர் உருண்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறை 34 கிராம். நீரில் இட்டால் நீர்மட்டம் 3 கன சென்டிமீட்டர் உயர்கிறது. 34ஐ 3ஆல் வகுத்தால் 11.3. காரீயம்! இரும்பாக இருந்திருந்தால் அதே அளவு உருண்டை 24 கிராம்கூட இருந்திருக்காது. காரீய உருண்டை என்றால் அது பழைய வகைத் துப்பாக்கியின் குண்டாக இருக்கக்கூடும்.

ஆனால் நீண்ட காலம் உவர்நீரில் கிடந்த வார்ப்பிரும்பு இந்தக் கணக்கையும் ஏமாற்றும். வார்ப்பிரும்பில் இரும்போடு கார்பனும் கலந்திருக்கும். இரும்பு மெல்ல மெல்லக் கரைந்துபோக, கார்பன் மட்டும் அதே வடிவில் நின்றுவிடும். பார்வைக்குப் பீரங்கிக் குண்டு. கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட மிக இலேசாக இருக்கும், கத்தியால் கீறவும் முடியும். அதை அப்படியே உலரவிட்டால் வெடித்து உதிரும். அதனால்தான் கடலிலிருந்து எடுத்த இரும்புப் பொருள்களைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுகிறார்கள். பெரிய பீரங்கிகளுக்கு இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இரும்புப் பொருளை எப்படிச் செய்தார்கள் என்பதும் ஒரு தடயம். தமிழ்நாட்டில் தஞ்சாவூரின் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி என்ற பெரும் பீரங்கி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டது. உருக்கி வார்க்கப்பட்டதல்ல அது. நீண்ட இரும்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களை மாட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய வேலை. அத்தகைய ஒரு பீரங்கியின் உடைந்த துண்டு எங்கே கிடைத்தாலும், அடுக்கடுக்கான அமைப்பே அதை வார்ப்புப் பீரங்கியிலிருந்து பிரித்துக் காட்டிவிடும்.

மூன்றாம் சான்று: எழுத்தும் முத்திரையும்

ஜொகூர் சுல்தான்களின் பழைய தங்க நாணயங்களில் பல எண்கோண வடிவில் இருக்கும். அவற்றில் அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். வடிவமும் எழுத்தும் சேர்ந்து அவற்றை அடையாளம் காட்டிவிடுகின்றன.

1942இன் பொருள்களில் எழுத்து இருக்கும் இடம் வேறு. துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் குழலைப் பாருங்கள் (படத்தில்!). அது பித்தளை. பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். அதன் அடிப்பகுதியில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். இதை அடி முத்திரை எனலாம். பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய 0.303 அங்குலத் தோட்டாவின் குழல் சுமார் 56 மில்லிமீட்டர் நீளம், அடியில் துருத்திய விளிம்பு உண்டு. ஜப்பானியரின் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவின் குழல் அதைவிடக் குட்டை, சுமார் 51 மில்லிமீட்டர். ஜப்பானியத் தரைப்படையின் துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலும் அடி முத்திரை இருக்காது. இங்கே எழுத்து இல்லாததும் ஒரு தடயம்.

பிரிட்டிஷ் தோட்டாக்கள் எல்லாம் பிரிட்டனில் செய்யப்பட்டவை அல்ல. இந்தியாவில் புனே அருகே கிர்க்கியிலும், கொல்கத்தா அருகே டம்டமிலும் தோட்டாத் தொழிற்சாலைகள் இருந்தன. மலாயாவில் போரிட்டவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியப் படையினர். 1942 ஜனவரியில் ஜொகூரின் மூவாரில் ஜப்பானியரை எதிர்கொண்டது 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. பெரும்பாலும் அனுபவமில்லாத இளைஞர்களைக் கொண்ட அந்தப் பிரிவு சில நாள்களில் சிதறியது. கிர்க்கியின் முத்திரை கொண்ட ஒரு வெற்றுக் குழல், அப்படி ஊரைவிட்டு வந்து இங்கேயே மடிந்த ஒருவரின் கடைசித் தடயமாக இருக்கலாம். பழைய இரும்புக் கடையின் தராசில் அதற்குச் சில சென்தான் விலை.

நான்காம் சான்று: கிடந்த இடம்

இதுவரை சொன்னவை எல்லாம் பொருளிலேயே இருப்பவை. நான்காம் சான்று பொருளில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்னும் இடத்தில் 1876இல் அமெரிக்கக் குதிரைப்படைக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் நடந்தது. 1983இல் ஒரு தீ அந்தப் புல்வெளியை எரித்தது. தரை வெளிப்பட்டதும், 1984, 1985 ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் உலோகங்காட்டிக் கருவிகளோடு இறங்கினார்கள். ஒவ்வொரு தோட்டாவும் குழலும் கிடந்த இடத்தில் ஒரு கொடியை நட்டு, அளந்து வரைபடத்தில் குறித்த பிறகே எடுத்தார்கள்.

துப்பாக்கியின் ஊசி குழலின் அடியில் குத்தும்போது ஒரு தழும்பு விழும். நம் கைரேகைபோல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அது சற்று மாறும். ஒரே தழும்புள்ள குழல்களை வரைபடத்தில் இணைத்தபோது, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரிந்தது. நூறாண்டுக்கு முன் நடந்த போரின் போக்கைப் பற்றி ஏடுகளில் இல்லாத செய்திகள் இப்படிக் கிடைத்தன.

யாராவது ஒருவர் அந்தக் குழல்களை முன்பே பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தால்? குழல் அப்படியே இருந்திருக்கும். செய்தி அழிந்திருக்கும். மண்ணடுக்கும் இப்படித்தான். பீங்கான் ஓட்டோடு ஒரே அடுக்கில் கிடந்த நாணயத்தின் காலத்தை அந்த ஓட்டைக்கொண்டு கணிக்கலாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் நாணயத்துக்கு அந்தத் துணை இல்லை.

ஏன் தொடக்கூடாது?

வரலாறு அழியும் என்பது ஒரு காரணம். உயிர் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

2023 செப்டம்பரில், சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளத்தில் 100 கிலோகிராம் எடையுள்ள இரண்டாம் உலகப் போர்க் குண்டு கண்டுபிடிக்கப்பட்டது. வேறிடத்துக்குக் கொண்டுபோவது ஆபத்து என்பதால், சுற்றுவட்டாரத்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு, செப்டம்பர் 26ஆம் தேதி அங்கேயே அதை வெடிக்கவைத்து அழித்தார்கள். மண்ணில் 80 ஆண்டுகள் கிடந்தும் அதன் வீரியம் குறையவில்லை.

ஏன்? வெளியே துருப்பிடிப்பது இரும்பு உறை மட்டுமே. உள்ளே இருக்கும் டிஎன்டி போன்ற வெடிபொருள் எளிதில் சிதையாத சேர்மம். நீரில் அது பெரிதாகக் கரைவதும் இல்லை. சில குண்டுகள் நாளாக நாளாக முன்பைவிடவும் ஆபத்தானவையாகின்றன. ஜப்பானியக் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் நிரப்பப்பட்டிருந்தது. அமிலமும் உலோகமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால் உண்டாவது பிக்ரேட்டு உப்பு. சில பிக்ரேட்டுகள் உராய்வுக்கும் அதிர்ச்சிக்குமே வெடிக்கக்கூடியவை. அதைத் தடுக்க உறையின் உட்புறத்தில் அரக்குப் போன்ற பூச்சு பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மண்ணில் கிடக்கும் துருக்கட்டி 1587இன் பீரங்கிக் குண்டா, 1942இன் கையெறிகுண்டா என்று பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது. எனவே எதையும் தட்டக்கூடாது, கழுவக்கூடாது, வெயிலில் காயவைக்கக்கூடாது, பள்ளிக்குக் கொண்டுவரவும் கூடாது.

கண்டால் என்ன செய்வது?

நின்றுவிடுங்கள். வந்த வழியே திரும்பி விலகுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்கலாம். அதற்காகக் கிட்டப் போக வேண்டாம். அருகில் எந்த மரம், எந்த மின்கம்பம் என்று இடத்தை நினைவில் வையுங்கள். மற்றவர்களையும் நெருங்கவிடாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லி 999 எண்ணுக்கு அழையுங்கள். காவல்துறையின் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வந்து பார்ப்பார்கள்.

ஆபத்தில்லாத பழம்பொருள் என்றாலும் அது கண்டெடுத்தவரின் சொத்தாகிவிடாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பண்பாட்டு மதிப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ, அந்த வட்டாரத்தின் மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மூன்று கண்ணாடிப் புட்டிகள், மண், இரும்பு ஆணிகள், செம்புக் கம்பித் துண்டுகள், அலுமினியத் தாள்.

1. மூன்று புட்டிகளிலும் மண் நிரப்புங்கள். ஒன்றில் உலர்ந்த மண், ஒன்றில் குழாய் நீரால் ஈரமாக்கிய மண், ஒன்றில் உப்பு நீரால் ஈரமாக்கிய மண்.

2. ஒவ்வொரு புட்டியிலும் ஓர் ஆணி, ஒரு செம்புக் கம்பி, ஒரு துண்டு அலுமினியத் தாள் ஆகியவற்றை ஒன்றையொன்று தொடாதவாறு புதையுங்கள். புதைக்கும் முன் ஒவ்வொன்றின் நிறையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நான்கு வாரம் கழித்து, உங்கள் நண்பரைத் தோண்டச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு பொருளின் ஆழத்தையும் திசையையும் கட்டத்தாளில் வரைந்த பிறகே அதை வெளியே எடுக்க வேண்டும்.

4. நிறம், நிறை, வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணையாக்குங்கள். செம்பு பச்சையாகாமல் வெறுமனே மங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். நான்கு வாரத்துக்கும் நானூறு ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

சிந்தியுங்கள்

1. உப்பு நீர் மண்ணில் இருந்த ஆணிக்கும் உலர்ந்த மண்ணில் இருந்த ஆணிக்கும் என்ன வேறுபாடு? ஜொகூர் ஆற்றின் உவர்ச் சேற்றில் கிடக்கும் இரும்புக்கு என்ன நேர்ந்திருக்கும்?

2. துருப்பிடித்த ஆணியின் நிறை முன்பைவிடக் கூடியிருந்தால், அந்தக் கூடுதல் நிறை எங்கிருந்து வந்தது?

3. உங்கள் நண்பர் வரைந்த கட்டத்தாளை மட்டும் பார்த்து, நீங்கள் எந்த வரிசையில் பொருள்களைப் புதைத்தீர்கள் என்று மூன்றாமவர் ஒருவரால் சொல்ல முடிகிறதா? கட்டத்தாள் இல்லாமல் முடிகிறதா?